நீலக்கொம்புத் துணைநூல் சோதனைப் படலம்

சொற்களே, வருக! அடைமொழிகள் முன்னே கட்டியம் கூறிவர, உவமைகள் இருமருங்கும் கவரி வீச, எதுகையும் மோனையும் கைகோத்து ஆடிவரத் தேரேறி வருக! முரசறைவோர் மட்டும் கீழேயே நிற்க. மேல்மாடியில் யாரோ பரீட்சைக்குப் படிக்கிறார்கள். பூட்டிய பெட்டிக்குள்ளும் புகுந்து மீளும் விழியினளை, நகவெட்டி முதல் நெடுங்கத்தி வரை நிழல்கொண்டே இனம்பிரிக்கும் நுண்மதியினளை, தண்ணீர்ப் பாட்டிலோடு வந்த பெருவணிகரையும் நின்ற இடத்திலேயே குடித்துத் தீர்க்கவைத்த ஆணையினளை, விமான நிலையத்துப் பைச் சோதனைக் கோட்டத்தின் தனிப்பெருந்தலைவியைப் பாடுக! அவள் மூன்று புத்தகங்களோடு பொருத போரையும், அதில் வென்ற விதத்தையும், வென்றபின் தோற்ற விதத்தையும், தோற்றபின் செய்த சபதத்தையும் ஒன்று விடாமல் பாடுக!

அவள் வீற்றிருந்த அரியணைக்குச் சக்கரங்கள் உண்டு. கைப்பிடி ஒன்றுதான், மற்றது உடைந்துவிட்டது. அதில் அமர்ந்து அவள் நோக்கும் திரையில் உலகத்துப் பைகளெல்லாம் தோலுரித்துக்கொண்டு ஊர்ந்து போகும். இரும்பு நீலமாகத் தெரியும். துணியும் காகிதமும் தின்பண்டமும் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். நீலத்தில் ஐயம் எழுந்தால் அவள் விரல் எழும். விரல் எழுந்தால் பெல்ட் நிற்கும். பெல்ட் நின்றால், பெரும்படை நடத்திய தளபதியேயானாலும் தன் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் இட்டுவிட்டு, நழுவும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி நிற்பான். மெல்லிய ஆரஞ்சை அவள் ஒரு நொடியில் அனுப்பிவிடுவாள். சட்டையும் ரொட்டியும் யாரையும் காயப்படுத்தியதாக அவள் பணிக்காலத்தில் செய்தி இல்லை.

அந்தக் கண் வேலை முடிந்ததும் கழற்றி மாட்டிவிட்டு வரக்கூடிய கண்ணன்று. வீட்டிலும் அது விழித்தேயிருக்கும். பள்ளிப்பையின் அடியில் கிடந்த பாதி தின்ற பென்சிலையும், சாப்பாட்டு டப்பாவில் மூடிக்கு அடியில் மறைக்கப்பட்ட காய்கறியையும் திறக்காமலே அறியும். அந்தக் கண்ணுக்கு அஞ்சாதவர் அந்த வீட்டில் ஒருவரே, அவள் மகள்.

மகளுக்கு வயது எட்டு. மெலிந்த மேனியும் கூரிய நாவும் கண்டு உற்றார் இட்ட பெயர் குண்டூசி. இட்டவர்கள் அத்தனை பேரும் ஒருமுறையாவது குத்துப்பட்டவர்கள். அவளுக்குத் துணையாக நின்றவன் தாயின் உடன்பிறந்த தம்பி, மெத்தைக் கடை விற்பனையாளன். நின்றவரை அமரவைத்து, அமர்ந்தவரைப் படுக்கவைத்து, படுத்தவரின் கையில் விலைச்சீட்டைத் திணிக்கும் இன்சொல் வேந்தன். கப்பலில் இயந்திரம் பார்க்கும் கணவரோ இப்போர் நடந்த நாள்களில் நடுக்கடலில் இருந்தார். பிழைத்தார்.

போரின் வித்து வேறெங்கோ விதைக்கப்பட்டது. தலைவி பணியிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமன் மருமகளுக்கு ஒரு நெடுங்கதை படித்துக் காட்டிவந்தான். நீலக்கொம்பு நாடு என்பது அதன் பெயர், ஐந்து பாகம். மந்திரக் கோட்டைகளும் பேசும் விலங்குகளும் நிறைந்த அந்த நாட்டில் வாளேந்திய வீரர்கள் எத்தனையோ பேர். ஆனால் குண்டூசியின் உள்ளத்தைக் கொண்டவன் வாளேந்தாத ஒருவன். அவன் ஒரு கோவேறு கழுதை. பெயர் முனகன். ஐந்து பாகத்திலும் எல்லோருடைய மூட்டையையும் அவனே சுமந்தான். ஐந்து பாகத்திலும் அதைப் பற்றி முனகிக்கொண்டே சுமந்தான். "ஆமாமா, எனக்கென்ன, என் முதுகு ரப்பர்தானே" என்பது அவன் திருவாசகம். பள்ளிப்பையைத் தோளில் மாட்டும் ஒவ்வொரு காலையிலும் குண்டூசி அதைச் சொல்வாள். தாய் அதை வெறும் வாய்த்துடுக்கு என்று எண்ணியிருந்தாள். ஏனெனில் அவள் அந்த ஐந்து பாகத்தில் ஒரு பக்கமும் படித்ததில்லை.

கதை முடிந்த துயரில் மருமகள் வாடக் கண்ட மாமன், அவள் பிறந்தநாளன்று மூன்று பெரும்புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் தோன்றினான். தலைவி கை நீட்டினாள். மூன்றும் மேசைமேல் வரிசையில் வைக்கப்பட்டன.

"என்னடா இது?"

"துணைநூலுக்கா. கதை முடிஞ்சிருச்சில்ல, அதுக்கப்புறம் படிக்கிறது."

"முடிஞ்சா முடிஞ்சதுதானே. அதுக்கப்புறம் படிக்க என்ன இருக்கு?"

"அந்த நாட்டுல என்னென்ன மிருகம் இருக்கு, யார் யார்கூட சண்டை போட்டாங்க, என்ன சமைச்சு சாப்பிட்டாங்க... எல்லாம் இருக்குக்கா. ரொம்ப அறிவு."

நூல் ஒன்று, நீலக்கொம்பு விலங்கேடு. பக்கத்துக்கு ஒரு பூதமாக வண்ணப்படங்கள் மலிந்தது. நூல் இரண்டு, நீலக்கொம்பு வரலாறு; செங்கல்லின் தடிமனும் எறும்பின் எழுத்தும் கொண்டது. நூல் மூன்று, நீலக்கொம்புச் சமையல். அட்டையில் புகையும் சட்டியொன்று புன்னகைத்தது. தலைவி ஒவ்வொன்றையும் புரட்டி, கவிழ்த்து, முதுகைப் பார்த்து, விளிம்பை விரலால் தடவினாள். பிறகு அந்த விழிகள் சுருங்கின.

"கதைப் புத்தகத்துல எட்டு வயசுக்கு மேலன்னு போட்டிருந்துச்சு. இதுல வயசே போடலயே."

"மறந்திருப்பாங்க."

"மூணுலயுமா?"

மெத்தை வேந்தனின் இன்சொல் அக்கணம் வற்றியது. குண்டூசி முன்னே வந்தாள். "அம்மா, இதுல இருக்கிற பூதமெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பூதம்தான். கதையில வந்துட்டுப் போனவங்கதான்."

"அதான்டி சொல்றேன். கதையில வந்தா, போயிடும். இதுல போகவே போகாது. பக்கத்துக்கு ஒண்ணா உக்காந்து உன்னையே பாத்துட்டிருக்கும்."

எதிரணியில் நின்ற தம்பியும் அந்த வாதத்தின் வலிமை கண்டு உள்ளுக்குள் ஒருகணம் தலைவணங்கினான். வணங்கிய தலை நிமிர்வதற்குள் ஆணை பிறந்துவிட்டது.

"நான் முழுசா படிச்சுப் பாக்கற வரைக்கும் இதுல ஒண்ணும் அவ கைக்குப் போகக்கூடாது. சொல்லிட்டேன்!"

வானோர் கேட்டிருப்பார்கள், எதிர்வீட்டார் உறுதியாகக் கேட்டார்கள். மூன்று நூல்களும் இரும்பு பீரோவின் உச்சியில், சூட்கேசுக்கும் பழைய மின்விசிறிக்கும் இடையே, சிறைவைக்கப்பட்டன.

முற்றுகை தொடங்கியது. குண்டூசி பீரோவின் அடியில் நின்று அண்ணாந்து நோக்கிப் பெருமூச்செறிந்தாள். பல் துலக்கும்போதும் நோக்கினாள், காலுறை மாட்டும்போதும் நோக்கினாள். பார்வையினாலேயே ஒரு பீரோவை உருக்க முடியுமானால் அந்த வீட்டுத் தரையில் அன்று இரும்பு ஆறாக ஓடியிருக்கும். கண்ட மாமனின் நெஞ்சு பொறுக்கவில்லை. அதுவரை நேர்வழியில் நின்றவன் வஞ்சகத்தின் பக்கம் சாய்ந்தான்.

அக்காள் பணிக்குச் சென்ற ஒரு மாலையில் அவன் கடையிலிருந்து புத்தம் புதிய தலையணை ஒன்றோடு வந்தான். முக்காலியில் ஏறி விலங்கேட்டை இறக்கி, தலையணையின் வயிற்றைத் திறந்து, பஞ்சை வழித்து, நூலை உள்ளே கிடத்தி, உறையின் வாயை மூடினான். மருமகளின் அறைக்கு அதை ஏந்திச் செல்லக் கூடத்தைக் கடக்கும் அவ்வேளையில், விமானம் ரத்தானதால் முன்கூட்டியே விடுவிக்கப்பட்ட தலைவி, காலணியைக் கழற்றியபடி வாசலில் நின்றாள்.

அடர்வனத்தில் புலியும் மானும் எதிர்ப்பட்டாற்போல, என்று உவமை சொல்லப் புகுந்தால் அது மானுக்கு இழுக்கு. மான் ஓடும். இவன் தலையணையை நீட்டினான்.

"அக்கா... குண்டூசிக்கு. புதுசு."

"தலகாணி ஏன்டா மூலையோட இருக்கு?"

"இது கழுத்து வலிக்காரங்களுக்குக்கா. ஆர்த்தோ மாடல். கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும்."

அவள் அதைத் தொடவுமில்லை. பத்தாண்டுப் பழக்கம் நாவில் தானாக எழுந்தது. "ட்ரேல வை."

ட்ரே என்று அங்கே எதுவும் இல்லை. இருந்தும் அவன் சுற்றுமுற்றும் தேடி, சாப்பாட்டு மேசைமேல் இருந்த தாம்பாளத்தில் தலையணையைப் பணிவோடு வைத்து, இரண்டடி பின்வாங்கி நின்றான். அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்த குண்டூசி தீர்ப்புச் சொன்னாள்: "மாமா, உங்களுக்கு ஒளிச்சு வைக்கவே தெரியல."

இனித் தாமதம் ஆகாதென உணர்ந்த தலைவி, மறுநாளே விடுப்பில் அமர்ந்து, மதிய உணவுக்குப் பின் விலங்கேட்டைக் கையிலெடுத்தாள். அந்தோ! எத்தனை பைகளைக் கண்ட கண்கள்! ஒற்றைக்கண் ஓநாயைக் கண்டன, அஞ்சவில்லை. தன் நிழலைத் தானே தின்னும் காட்டுப்பன்றியைக் கண்டன, இமைக்கவில்லை. ஆனால் நூலின் நடுவே, ஒரு முழுப்பக்கத்தை அடைத்துக்கொண்டு, விரல்சீலி இருந்தது. அதற்கு முகமில்லை, உடலில்லை. விரல்கள் மட்டுமே உண்டு, நீளநீளமாக. வாஷ்பேசின் அடியில் வளைந்து போகும் குழாயில் அது குடியிருக்கும். தண்ணீர் வடிந்து முடியும்போது எழும் கொளகொள ஓசை அதன் குரல். உற்றுக் கேட்டால் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அது கேட்பது விளங்கும். அவ்வளவே எழுதியிருந்தது.

தலைவி நூலை மூடினாள். கை கழுவப் போனாள். தண்ணீர் வடிந்தது. வடிந்து முடிந்தது.

வீரர்க்கும் ஒரு கணம் உண்டு. அவள் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு விரைந்து வெளியே வந்து, சற்று நின்று, திரும்பிப் போய், வாஷ்பேசின் துளைக்கு ரப்பர் மூடியை இட்டு அழுத்தினாள். போதாதென்று அதன்மேல் சோப்பு டப்பாவையும் வைத்தாள்.

பள்ளி விட்டு வந்த குண்டூசி குளியலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அம்மா, இங்க ஏன் மூடி போட்டிருக்கு?"

"கொசு வருதுன்னு."

 பிறகு, இரக்கம் கலந்த குரல். "அம்மா, விரல்சீலிக்குக் கூச்சம் ஜாஸ்தி. கிச்சுகிச்சு மூட்டினா ஓடிரும். மூணாம் பாகத்துலயே வந்துச்சு. முனகன் வாலால மூட்டிவிடுவான்."

தாய் அதை அந்த நூலின் குற்றத்துக்கே மேலுமொரு சான்றாக மனத்தில் குறித்துக்கொண்டாள். எந்த யோசனையில் மூடியை மட்டும் எடுக்காமல் விட்டாள் என்பது அவளுக்கே தெரியாது.

அடுத்து வரலாறு. அந்தச் செங்கல்லை அவள் ஊழியர் பேருந்திலும், தேநீர் இடைவேளையிலும், உடை மாற்றும் அறையின் மர பெஞ்சிலும் சுமந்து படித்தாள். குலங்கள் தோன்றின, குலங்கள் அழிந்தன. அண்ணனைத் தம்பி கொன்றான், தம்பியைச் சித்தப்பா கொன்றார், சித்தப்பாவுக்கு விருந்தில் நஞ்சிட்டார்கள். தலை உருளாத பக்கத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பெயர்கள் மழைக்கு ஒதுங்கிய கூட்டம்போல நெருக்கியடித்தன. எவர் எவரென்று அவளுக்கு விளங்கவில்லை, விளங்க வேண்டிய தேவையுமில்லை. ஆயுதம் இருக்கிறதா என்பதே கேள்வி, இருந்தது, பக்கம்தோறும். கடைசி இயலில் ஏதோவொரு கோவேறு கழுதையின் இறுதி ஊர்வலம் விரிவாக எழுதப்பட்டிருந்தது. கழுதைக்கெல்லாம் ஒரு இயலா என்று கொட்டாவி விட்டுக் கடந்து முடித்தாள்.

மூன்றாவதைப் புரட்ட மட்டுமே செய்தாள். வெங்காயம், மாவு, காளான், கரண்டி. எங்கு நோக்கினும் மெல்லிய ஆரஞ்சு. போகலாம்!

ஞாயிறு வந்தது. தம்பி வரவழைக்கப்பட்டான். குண்டூசி எதிரே நிறுத்தப்பட்டாள். தலைவி பீரோவின் முன் நின்று, மூன்று நாட்டு மன்னரும் அடிபணிந்த அவையில் பேரரசி எழுந்தாற்போல நிமிர்ந்து, தீர்ப்பை முழங்கினாள்.

"மிருகப் புத்தகம், பன்னெண்டு வயசுக்கு அப்புறம். வரலாறு, பதினஞ்சுக்கு அப்புறம். அதுகூட யோசிக்கணும். சமையல் புத்தகம் இப்பவே எடுத்துக்கலாம். அதுல ஒண்ணும் இல்ல."

மாமன் ஏதோ சொல்ல வாயெடுத்து, தாம்பாளத்தை நினைத்து, மூடிக்கொண்டான். மூன்றில் ஒன்று கிடைத்ததே பெரிதென்று குண்டூசி சமையல் நூலை இரு கைகளாலும் வாங்கி, சாப்பாட்டு மேசைக்கு அடியில், நாற்காலிக் கால்களின் கோட்டைக்குள் புகுந்தாள். தாளின் சரசரப்பு கேட்டது. "மேக ரொட்டி" என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சிரித்தாள். வாகை சூடிய தலைவி, போர் முடிந்த களத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டும் வீரன்போல, நிதானமாகத் துணி மடிக்கத் தொடங்கினாள். உலகில் ஒழுங்கு மீண்டது. தீயன உயரத்தில் இருந்தன. நல்லன குழந்தையின் மடியில் இருந்தன.

அப்போது மேசைக்கு அடியில் சரசரப்பு நின்றது.

முதலில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு ஒரு சிறு ஒலி வந்தது. அழுகை என்று சொல்ல முடியாத, மூச்சு எங்கோ இடறி விழுந்தாற்போன்ற ஒலி. தாய் மடித்த துணியை அப்படியே விட்டுவிட்டு மண்டியிட்டாள். குண்டூசி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. புத்தகம் தரையில் விரிந்து கிடந்தது.

"என்னடா கண்ணு? என்ன ஆச்சு? கையில ஏதாவது கிழிச்சுக்கிட்டியா?"

குழந்தை விரலால் காட்டினாள். தாய் படித்தாள். மழைக்காலக் காளான் சாறு. கழுவி நறுக்கிய காளான் இரண்டு கைப்பிடி. தலைப்புக்கும் பொருள்களுக்கும் நடுவே, அலங்காரத்துக்கு இட்டாற்போல, சாய்ந்த எழுத்தில் ஒரே வரி: முனகன் இறப்பதற்கு முன் கடைசியாகக் குடித்தது இதுதான்.

அவ்வளவுதான். ஒரு வரி, காளானுக்கு மேலே.

"முனகன் செத்துட்டானாம்மா?"

"யாரு முனகன்?"

 குழந்தை தாயை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. அதுவே தாயைச் சுட்டது. பின்னால் நாற்காலி ஒன்று நகர்ந்தது. மெத்தை வேந்தன் எழுந்து நின்றிருந்தான். அவன் முகமும் வெளுத்திருந்தது.

"செத்துட்டானா? எப்ப? கதையில சாகலயே! கடைசிப் பக்கத்துல மூட்டையத் தூக்கிட்டு மலையேறிப் போறானே!" என்றான். குரல் உடைந்தது. "அக்கா, முனகன்க்கா... அந்தக் கோவேறு கழுதை. அவன்தான்க்கா கதையே."

தலைவி தரையில் அமர்ந்துவிட்டாள். எத்தனை ஆயுதங்களைத் தேடினாள்! பல், நகம், வாள், நஞ்சு, ஒன்றையும் விட்டாளில்லை. ஒவ்வொரு காலையும் பள்ளிப்பையை மாட்டும்போது தன் மகள் யாருடைய குரலில் பேசினாள் என்பதை மட்டும் அவள் ஒருநாளும் கேட்கவில்லை. இதயம் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் கத்தியை மட்டும் தேடினால் என்னத்தைக் காக்க முடியும்?

அந்த எண்ணம் நெஞ்சில் தைத்த அதே கணம், இன்னொன்றும் மின்னலாய் வெட்டியது. கோவேறு கழுதை. இறுதி ஊர்வலம். கொட்டாவி விட்ட கடைசி இயல்.

அவள் எழுந்தாள். முக்காலி இழுக்கப்பட்டது. தானே பூட்டிய சிறையைத் தானே உடைக்கும் அரசியைப்போலப் பீரோவின் உச்சியைக் கைநீட்டித் துழாவினாள். சூட்கேஸ் சரிந்தது, மின்விசிறி உருண்டு மாமனின் கால்விரலில் விழுந்தது, அவன் அலறியதை ஒருவரும் கேட்கவில்லை. பதினைந்து வயது நிரம்பாதோர் தீண்டக்கூடாத அச்செங்கல்லோடு இறங்கி, மேசைக்கு அடியில், நாற்காலிக் கால்களின் கோட்டைக்குள், தவழ்ந்து புகுந்து, மகளை ஒட்டி உட்கார்ந்தாள். பின்னாலேயே தம்பியும் தவழ்ந்தான். அவனுக்குத் தலை மட்டுமே உள்ளே அடங்கியது.

"எனக்குத் தெரியும்," என்றாள் தாய். "எப்படிச் செத்தான்னு எனக்குத் தெரியும். சண்டையில இல்ல. யாரும் எதுவும் பண்ணல. படிக்கட்டுமா?"

குண்டூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையசைத்தாள். தாய் கடைசி இயலை விரித்துப் படித்தாள்:

"அரசவைச் சுமைதூக்கியான முனகன், போர்கள் யாவும் ஓய்ந்தபின் இருபது ஆண்டு வாழ்ந்தான். அந்த இருபது ஆண்டும் அவன் முதுகில் ஒரு குடைகூட வைக்கப்படவில்லை. அதையும் அவன் குறையாகவே சொன்னான்."

மாமனின் தலையிலிருந்து சிரிப்பா விம்மலா என்று பிரிக்க முடியாத ஓசை வந்தது.

"மழைக்காலத்தில் ஒருநாள் மாலை அவன் காளான் சாறு கேட்டான். குடித்தான். உப்புப் போதவில்லை என்றான். தூங்கினான். எழவில்லை. அவனை மலைக்கு எடுத்துச் செல்ல வண்டி கட்டப்பட்டபோது, வண்டி வேண்டாமென்று அரசி சொல்லிவிட்டாள். அவன் சுமந்தவர்கள் எல்லோரும்..."

முன்பு பேருந்தில் கொட்டாவியோடு கடந்த அதே வரிதான் இது. ஆயிரம் பயணிகளை அதட்டிய குரல் ஒரு கழுதைக்காக இடறியது. அவள் கனைத்துச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தாள்.

"அவன் சுமந்தவர்கள் எல்லோரும் அவனைச் சுமந்தார்கள். ஏற்றம் கடினமாயிருந்தது. வழியெல்லாம் அவர்கள் முனகிக்கொண்டே போனார்கள்."

குண்டூசி அந்தக் கடைசி வரியின்மேல் விரலை வைத்தாள்.

"முனகிட்டே போனாங்களா?" என்றாள் குண்டூசி.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்." ஈரமான முகத்தில் சிரிப்பு மெல்ல விரிந்தது. "உப்புப் போதலன்னா சொன்னான்? அவனேதான். எப்பவும் அப்படித்தான் சொல்வான்."

பிறகு அவள் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கண்ணில் பழைய கூர்மை மீண்டது. தாயை மேலும் கீழும் நோக்கினாள். பெட்டியைத் திறக்கச் சொல்லும் சோதனையாளரின் நோக்கு அது. எங்கிருந்து வந்ததென்று சொல்ல வேண்டியதில்லை.

"அம்மா, அந்த அரசி யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"எந்த அரசி?"

"பாத்தீங்களா மாமா! விரல்சீலியப் பாத்துப் பயந்துட்டாங்க. முனகன் யாருன்னு தெரியல. அரசியே தெரியல. கதையப் படிக்காம யாராவது துணைநூல் படிப்பாங்களா? இந்தப் புத்தகம் அம்மாவுக்கு ஏத்தது இல்ல."

"எனக்கு முப்பத்தேழு வயசுடி!"

"அதுலதான் வயசே போடலயே."

மாமன் நாற்காலிக் காலில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தான். குண்டூசி கோட்டையை விட்டு வெளிப்பட்டாள். சமையலை எடுத்தாள்; தாயின் மடியிலிருந்து வரலாற்றை எடுத்தாள்; முக்காலியில் ஏறி விலங்கேட்டையும் எடுத்தாள். எல்லாவற்றையும் தன் படிப்பு மேசையில் அடுக்கி, கைகளைத் தட்டிக்கொண்டு ஆணையிட்டாள்: "அஞ்சு பாகமும் படிச்சிட்டு வந்து கேளு. அப்புறம் தர்றேன்."

தோற்றவர்கள் தலைகுனிந்து அகல்வது சிறு போர்களின் வழக்கம். இவளோ பெரும்போரின் தலைவி. மேசைக்கு அடியிலிருந்து மூட்டுகள் முறுமுறுக்க எழுந்தாள். முடியை அள்ளி முடிந்தாள். பீரோவை நோக்கியல்ல, புத்தக அலமாரியை நோக்கிக் கை நீட்டினாள். திசைகாக்கும் யானைகள் எட்டும் செவிமடுக்க, அலைகடல் ஏழும் ஒருகணம் அடங்க, அவள் சபதம் எழுந்தது:

"எடுத்துட்டு வாடா முதல் பாகத்த! இன்னைக்கே ஆரம்பிக்கிறேன். அஞ்சையும் முடிக்காம விடமாட்டேன். அந்த முனகன் யாரு, அரசி யாரு, ஒருத்தர் பாக்கியில்லாம தெரிஞ்சுக்கிட்டுத்தான் எழுந்திருப்பேன்!"

தம்பி பணிந்து முதல் பாகத்தை ஏந்தி வந்தான். மகள் கண்ணாடியை ஏந்தி வந்தாள். மதிய வெயில் சன்னல் வழியே செங்கம்பளமாய் விரிந்து கிடக்க, மெத்தைக் கடையின் உயர்தர மெத்தையில், மூலையில்லாத தலையணையில் முதுகு சாய்த்து, கால் நீட்டி, கண்ணாடி அணிந்து, நூலை மார்புக்கு நேரே நிறுத்தி, மலைகளும் கோட்டைகளும் பேசும் விலங்குகளும் காத்துநின்ற அப்பெருநாட்டின் வாயிற்கதவை வலக்கையால் தள்ளித் திறந்து, முதல் வரியில் கால்வைத்து, முதல் பக்கத்தைக் கடந்து, இரண்டாம் பக்கத்தையும் வென்று, வாகைமேல் வாகை சூடி அவள் முன்னேறினாள்.

மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள்.